பழைய பிலிம் கேமராக்கள்: சந்தை மேசைக்கு முன்னால் இரண்டு வாரம்

ஜூன் 3, செவ்வாய்

மொத்தமாக வாங்கிய பெட்டியில் 11 கேமராக்கள். 15ஆம் தேதி ஞாயிற்றுச் சந்தைக்கு எத்தனை தேறும் என்பது முதல் ஒரு மணி நேரத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

பின்கதவைத் திறக்கும் முன் ஒரு வேலை உண்டு. மேலே இடப்பக்கம் இருக்கும் பிலிம் சுற்றும் குமிழை அம்புக்குறிப் பக்கமாக மெல்லத் திருப்ப வேண்டும். தளர்வாகச் சுற்றிக்கொண்டே போனால் உள்ளே எதுவும் இல்லை. இறுகி நின்றால் யாரோ பாதியில் விட்ட பிலிம் இன்னும் உள்ளே இருக்கிறது. அடியிலுள்ள பொத்தானை அழுத்தி, இழுவை சட்டென்று விடும்வரை சுற்றி, அதற்குப் பிறகுதான் கதவு. அரை நிமிடச் சோம்பலில் ஒரு குடும்பத்தின் படங்கள் வெளிச்சம் பட்டுப் போய்விடும். கேமராவைக் கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் பிலிமை அவரிடமே சேர்ப்பதுதான் நியாயம்.

அடுத்தது பேட்டரி அறை. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. கசிந்தது காரம் என்பதால் பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால். கடைசியாக, தகடு மின்னும்வரை பொடி உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் போதும். தகடு சுத்தமான பிறகும் மின்சாரம் போகாவிட்டால், காரம் ஒயரின் உறைக்குள்ளேயே ஏறிச் செம்பை அரித்திருக்கும். அப்படி இரண்டு. ‘பாகத்துக்கு மட்டும்’ பெட்டிக்குப் போயின.

ஜூன் 5, வியாழன்

‘ஓடவில்லை’ என்று தள்ளிவிட்ட கேமராக்களில் பாதி, பேட்டரி இல்லாமல் கிடப்பவை. 1976இல் வந்த கேனன் ஏஇ-1 இதற்கு நல்ல உதாரணம். அதன் ஷட்டரே, அதாவது பிலிமுக்கு வெளிச்சம் விடும் கதவே, மின்சாரத்தில் ஓடுவது. 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரி இல்லாவிட்டால் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. அதே 1976 முதல் 1997 வரை வெளிவந்த பென்டாக்ஸ் கே1000 நேர் எதிர். ஷட்டர் முழுக்க இயந்திரம், பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். வாங்கப் போகும்போது பையில் இந்த இரண்டு பேட்டரிகளையும் வைத்திருப்பவருக்குத்தான் நல்ல சரக்கு அகப்படும்.

ஒலிம்பஸ் டிரிப் 35க்குப் பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றிக் கொப்புளக் கண்ணாடி போலிருக்கும் வளையம்தான் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் தரும் அதன் செலினியம் செல். சோதிக்க ஒரு நிமிடம் ஆகும். லென்ஸின் துளையை மாற்றும் வளையத்தை ‘ஏ’யில் (தானியங்கி) வைத்து, உள்ளங்கையால் லென்ஸை முழுக்க மூடிப் பொத்தானை அழுத்த வேண்டும். பார்வைச் சட்டத்துக்குள் சிவப்புக் கொடி எழும்ப வேண்டும், ஷட்டர் அடிக்கக் கூடாது. கையை எடுத்து ஜன்னலைப் பார்த்து அழுத்தினால் அடிக்க வேண்டும். கொடி எழும்பியதோடு ‘செல் நன்றாக இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செத்த செல்லில் இருட்டிலும் கொடி எழும்பும், வெளிச்சத்திலும் எழும்பும். அதனால் இரண்டாவது பாதிதான் முக்கியம்.

ஜூன் 8, ஞாயிறு

ஷட்டர் வேகம். பின்கதவைத் திறந்து, லென்ஸ் வழியாக வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி 1 நொடியில் தொடங்கி ஒவ்வொரு வேகமாக அடிக்க வேண்டும். 1 நொடி முதல் 1/30 வரை கைபேசியின் ஒலிப்பதிவே போதும். பதிவின் அலைவரைபடத்தில் திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் இடையிலான தூரத்தை அளந்தால் கணக்கு வந்துவிடும். அதற்கு மேல் இந்த வழியை நம்ப முடியாது. 1/1000இல் சட்டம் முழுவதும் ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருண்டிருந்தால், ஷட்டரின் இரண்டு திரைகளில் பின்னால் வரும் திரை முன்னால் போகும் திரையை எட்டிப் பிடிக்கிறது என்று பொருள். படத்தில் அந்த ஓரம் கறுப்பாக விழும்.

மெதுவான வேகங்கள் இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கெட்டிப்பட்ட பழைய கிரீஸ். 30, 40 தடவை அடித்தால் சரியாகிவிடும். ஆனால் அது தற்காலிகம். ஒரு குளிர்ந்த காலையில் மறுபடி இழுக்கும். சந்தையில் வைக்கும் முன் 40 தடவை அடித்துவிட்டு ‘நன்றாக ஓடுகிறது’ என்று விற்பது ஏமாற்று வேலை. அட்டையில் எழுதிவிட வேண்டும்.

எண்ணெய் விடக் கூடாது. ஒரு சொட்டு போதும், பரவி ஷட்டர் இதழ்களில் ஏறி எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடும்.

ஜூன் 10, செவ்வாய்

ஒளித்தடுப்பு ஃபோம் மாற்றும் நாள். பின்கதவின் பள்ளங்களில் இருக்கும் கறுப்பு ஃபோம் காற்றின் ஈரத்தால் பத்திருபது ஆண்டுகளில் சிதைந்து தார் போலாகிவிடும். விரல் பட்டால் ஒட்டும், பொடி விழுந்தால் ஷட்டருக்குள் போகும். ஆகவே முதலில் ஷட்டரின் மேல் ஒரு காகிதத் துண்டை மூட வேண்டும். கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் பொடி வெளிப்பக்கமாக விழும்.

பள்ளத்தில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியால் தடவி ஐந்து நிமிடம் விட்டால் தார் இளகும். பல்குத்தும் மரக்குச்சியின் முனையைக் கத்தியால் உளிபோலச் சீவிக்கொண்டு வழித்தெடுக்க வேண்டும். இரும்புக் கருவி பெயின்ட்டைக் கீறும். கடைசிச் சுவடு போகும்வரை பஞ்சு மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பழையதன் மேல் புதிய பசை நிற்காது.

கீல் பக்கத்துக்கு 1.5 மி.மீ. ஃபோம் பெரும்பாலும் சரியாக வரும். குறுகிய நீளப் பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூலையே அழுத்திவிடலாம். நறுக்கிய பட்டையின் பசைப்பக்கத்தைத் தண்ணீரால் நனைத்தால் உடனே பிடிக்காது, இடம் பார்த்து நகர்த்த முடியும், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். தடிமன் அதிகமானால் கதவு தாழ் விழாது. வலுவில் அழுத்தி மூடினால் கீல்தான் வளையும்.

லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராக்களில் உள்ளே இருக்கும், ஒளியைத் திருப்பும் கண்ணாடியைத் துணியால் தொடவே கூடாது. அதன் பூச்சு முன்பக்கத்தில் இருப்பதால் ஒரு துடைப்பிலேயே கீறல் விழும். ஊதும் பம்பு மட்டும்.

ஒரு கேமராவுக்கு 40 நிமிடம் ஆனது. ஐந்துக்குச் செய்தாயிற்று.

ஜூன் 11, புதன்

லென்ஸ்கள். துளையை முழுக்கத் திறந்து பின்பக்கமிருந்து டார்ச் அடித்தால் எல்லாம் தெரியும். புள்ளிபுள்ளியாக இருப்பது தூசி, படத்தில் தெரியாது. சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருப்பது பூஞ்சை. பால் படிந்தாற்போல் இருப்பது மூட்டம். வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் வெளுக்கும். பூஞ்சை உள்ள லென்ஸ் இரண்டைத் தனிப் பையில் போட்டாயிற்று.

ஜூன் 13, வெள்ளி

அட்டை எழுதும் நாள். விற்பனையில் பாதி இதில்தான் இருக்கிறது. வெறுமனே ‘ஓடும்’ என்று எழுதிய அட்டைக்கு மதிப்பே இல்லை. இன்றைய அட்டைகளில் ஒன்று (ஸ்டாப் என்பது வெளிச்சம் இருமடங்காகும் அல்லது பாதியாகும் ஒரு படி):

‘ஷட்டர்: எல்லா வேகமும் அடிக்கிறது, 1 நொடி சற்று நீளம். மீட்டர்: வேறொரு மீட்டரோடு ஒப்பிட்டது, அரை ஸ்டாப் வித்தியாசம். ஃபோம்: புதியது, ஜூன் 10. லென்ஸ்: பூஞ்சை இல்லை, உள்ளே தூசி உண்டு. பிலிம் போட்டுச் சோதிக்கவில்லை.’

கடைசி வரியை எழுதத் தயங்குபவர்கள் உண்டு. அந்த வரிதான் மேலே உள்ள நான்கையும் நம்பவைக்கிறது.

பாதரச பேட்டரிக்காகச் செய்த கேமராவுக்குத் தனிக் குறிப்பு வேண்டும். பழைய பிஎக்ஸ்625 தந்தது 1.35 வோல்ட். அதே அளவில் இன்று கிடைக்கும் அல்கலைன் 1.5 வோல்ட், மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டு வரும். காதுக்கருவியின் 675 பேட்டரியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் 1.4 வோல்ட் கிடைக்கும். அதன் ஸ்டிக்கரை உரித்தபின் சில வாரங்களே உயிர் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

விலை வைக்கும்போது வாங்கிய தொகை, பாகங்கள், நிமிடங்கள் மூன்றும் கணக்கில் வர வேண்டும். சோதனை 25, ஃபோம் 40, துடைப்பு 15 ஆக 80 நிமிடம். இதற்குக் கூலி போடாமல் விலை வைத்தால் சந்தையில் எல்லாமே இலாபமாகத்தான் தெரியும். கடைசி விலையை அட்டையின் பின்னால் எழுத்துக்குறியில் எழுதலாம். எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துத் தொடர் ஒன்றை எடுத்து 1 முதல் 0 வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. பேரத்தின் நடுவே தடுமாற்றம் வராது.

ஜூன் 15, ஞாயிறு

மேசைக்கு வெளிர்நிறத் துணி. கறுப்புத் துணியில் கறுப்புக் கேமரா கண்ணுக்கே படாது. நிழலான பக்கமாக வைக்க வேண்டும். வெயில் சூட்டில் இளகும் கிரீஸின் எண்ணெய் லென்ஸ் துளையின் இதழ்களுக்கு ஏறும்.

முதல் ஒரு மணி நேரம் வருபவர்கள் வியாபாரிகள், மூன்றைச் சேர்த்து ஒரு விலை கேட்பார்கள். அதற்குள் இறங்கக் கூடாது. பிறகு வருபவர்களிடம் கேமராவைக் கையில் கொடுத்து, அடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பின்கதவைத் திறந்ததும் பலரின் கட்டைவிரல் நேரே ஷட்டர் திரைக்குத்தான் போகும். திறந்து காட்டுவதை நாமே செய்வது நல்லது.

ஐந்தில் நான்கு போயின. பாகத்துக்கு மட்டும் என்ற பெட்டியும் போயிற்று.

ஜூன் 16, திங்கள்

விற்காததைத் திரும்ப வைக்கும்போது பேட்டரி வெளியே, ஷட்டர் அடித்த நிலையில், ஸ்பிரிங் தளர்ந்திருக்க வேண்டும். தோலுறையைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும், ஈரம் பிடித்துப் பூஞ்சைக்கு இடம் கொடுப்பது அதுதான். மூடிய பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பை. அடுத்த சந்தைக்கு முந்தைய நாள் விடிகாலையில், ஒரு தடவைகூட முன்னால் அடித்துப் பார்க்காமல், அந்த 1 நொடியை மறுபடி ஒலிப்பதிவில் அளந்து அட்டையைத் திருத்த வேண்டும்.