மார்பைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை

2009 இல் போரில் ஷெல்லடி பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டதிலிருந்து எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வயது 42, புதுக்குடியிருப்புப் பக்கம் தங்கச்சி வீட்டில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் படுக்கைப்புண், சிறுநீர்க் குழாய், முதுகு என்று எத்தனையோ பேர் என்னைப் பார்த்திருக்கிறார்கள், மார்பைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. இலங்கைப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய்தான்.

தங்கச்சிக்கு 35 ஆனதும் குடும்பநல மாது வீட்டுக்கு வந்து, பெண்களுக்கு மார்பெல்லாம் பரிசோதிக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச் சொன்னார். நானும் அதே விறாந்தையில்தான் இருந்தேன். "மிஸ், எனக்கு இல்லையா?" என்று கேட்டேன். "அக்கா, நீங்கள் கலியாணம் செய்யவில்லையே" என்றார். பிள்ளை பெறாதவர்களுக்கும் பாலூட்டாதவர்களுக்கும் ஆபத்து கொஞ்சம் கூடத்தான் என்று பிறகு டொக்டர் சொன்னபோது எனக்கு அந்தப் பேச்சுத்தான் நினைவுக்கு வந்தது.

இருந்தாலும் நானும் கிளினிக்குக்குப் போனேன். முதல் தடவை போன கதை இது. வாசலில் இரண்டு படி, ஓட்டோக்காரத் தம்பியும் இன்னொருவரும் என்னை வீல்செயரோடு தூக்கினார்கள். உள்ளே கட்டில் என் தோளுயரம். ஏற்றிவிட ஆளில்லை, "இன்னொரு நாள் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு அழுதேன். வலது குறைந்தோரின் உரிமைக்கென்று 1996 இலேயே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது, நான் ஒரு படிக்கட்டோடும் ஒரு கட்டிலோடும் நிற்கிறேன்.

ஆனால் அந்த மிஸ் விடவில்லை, அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். அடுத்த கிளினிக்குக்கு முதல்நாளே போன் எடுத்து, என்னைக் கடைசி ஆளாகப் போட்டு, உயரம் குறைந்த வாங்கு ஒன்றில் மெத்தை விரித்து வைத்திருந்தார். டொக்டர் அம்மா குனிந்து நின்று, இருக்க வைத்தும் படுக்க வைத்தும் பார்த்தார். இடப்பக்கம் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

ஸ்கானுக்கும் மெமோகிராமுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு தந்தார்கள். வீல்செயரோடு பஸ்ஸில் ஏற முடியாது, வான் பிடித்தோம். வழிநெடுக அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டே போனேன், இல்லாவிட்டால் புண் வந்துவிடும்.

மெமோகிராம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. நின்றுகொண்டுதான் எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, மெஷினைக் கீழே இறக்கலாம். செயரின் கைப்பிடிகளைக் கழற்ற வேண்டும், கழற்ற முடியாத செயரென்றால் அங்கே இன்னொரு கதிரை கேளுங்கள். கால்தட்டு மெஷினில் முட்டும், அதையும் மடக்க வேண்டும். மார்பைத் தட்டில் வைத்து அழுத்தும்போது உடம்பு முன்னுக்குச் சாய வேண்டும், எனக்கு இடுப்பில் பலமில்லாததால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தார்கள். முதல் படம் சரிவரவில்லை, திரும்ப எடுத்தார்கள். அழுத்தும் சில வினாடிகள் நோகும், தாங்கலாம். மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். காது கேட்காத பெண்ணென்றால் அதற்கு என்ன சைகை என்று படமெடுக்க முன்னமே பேசிக்கொள்ள வேண்டும், எடுக்கும்போது அவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் போய்விடுவார்கள். அன்றைக்குப் பவுடர் பூசாமல், முன்பக்கம் திறக்கிற சட்டை போட்டுக்கொண்டு போங்கள். நாள் எடுக்கும்போதே "நான் வீல்செயரில் வருகிறேன், நேரம் கூட வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

எனக்கு வந்தது நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வருடா வருடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு அக்காவுக்கு வலது கை இல்லை. இடது கையால் இடது மார்பைச் சரிவரத் தடவிப் பார்க்க முடியாது என்பதால் தானாகப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அவருடைய மகளுக்கு விரல் நுனியை வைத்து வட்டமாகத் தடவிப் பார்க்கக் காட்டிக் கொடுத்தேன், அடுத்த கிளினிக்குக்கு அந்த அக்காவும் என்னோடு வருகிறார். வாசல் படி இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. சாய்தளம் கேட்டு எழுதிய கடிதத்தில் இருவரும் கையெழுத்து வைத்திருக்கிறோம், அக்கா இடது கையால்.