தண்ணி ஏறி எறங்கணும்

எனக்குச் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்தபோது நான் சின்னப் பிள்ளை. எங்கள் முந்திரித் தோப்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது. அப்பா குழி வெட்டி, எரு போட்டு, மறுபடி கன்று நட்டார். மரம் போனால் கன்று நடு: எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். தாவரவியல் முதுகலையில் களப்பயிற்சிக்காகப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போனபோதும் அதைத்தான் கையோடு கொண்டுபோனேன்.

முதல் வாரம் மரம் எண்ணுகிற வேலை. வாய்க்கால் ஓரத்தில் சுரபுன்னை, அதற்குப் பின்னால் வெண்கண்டல், இரண்டும் அலையாத்தி மரங்கள். முழங்கால் வரை சேறு. உள்ளே போகப் போக, நடுக்காட்டில் திடீரென்று வெட்டவெளி. விளிம்பில் உமிரிச் செடி மட்டும் சிவந்து கிடந்தது. ‘இங்கே 500 கன்றுகள் நடலாம்’ என்று குறிப்பேட்டில் எழுதி, வழிகாட்டியிடம் நீட்டினேன். அவர் ஒன்றும் திருத்தவில்லை. மண்வெட்டியையும், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் உப்புமானியையும் கொடுத்தார். “குழி தோண்டி, ஊறுற தண்ணிய ஒரு சொட்டு வெச்சுப் பாரும்மா.”

கடல்நீர் என்றால் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு என்று காட்டும். அந்தக் கருவியின் அளவுகோல் 100-இல் முடிகிறது. கோடு அதையும் தாண்டி நின்றது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்று முறை பார்த்தேன். கடலுக்குப் பக்கத்திலேயே கடலைவிட உப்பான மண் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அங்கிருந்துதான் என் படிப்பு தொடங்கியது என்பேன். வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து, ஒவ்வொன்றாக மொட்டையடித்தார்கள். அடுத்த முறை வருவதற்குள் தானே வளர்ந்துவிடும் என்பது கணக்கு. வளரவில்லை. நிழல் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி, மண் சுருங்கி, தரை தாம்பாளம் மாதிரி நடுவில் இறங்கிவிட்டது. இங்கே கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இல்லை. அதனால் ஒரு சாண் பள்ளமும் பெரிய பள்ளம்தான். ஏறி வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கும், காயும், உப்பை விட்டுப்போகும். அப்பா நட்ட மாதிரி நான் 500 கன்றுகள் நட்டிருந்தால் அத்தனையும் செத்திருக்கும்.

ஊர்க்காரர்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததும்தான் காடு அழியக் காரணம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து செய்த வேலையில் நடவு இரண்டாவதுதான். முதலில் வாய்க்கால்: நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் சின்ன வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள். தண்ணீர் ஏறும், இறங்கும், போகிறபோது உப்பைக் கழுவிக்கொண்டு போகும். அப்புறம்தான் கன்று. அப்படி வளர்ந்த மரங்கள் இன்று என் தலைக்கு மேல் நிற்கின்றன.

நான் இரண்டு வாரம் தடுமாறிப் புரிந்துகொண்டதை, கையால் தடவி எறா பிடிக்கும் ஓர் இருளர் அக்கா ஒரே மூச்சில் சொன்னார். எறாவைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நகர்ந்துகொண்டிருந்தவர், பறியை எடுத்துவிட்டுக் கேட்டார்:

“என்னா பாப்பா, மரத்தயே எண்ணிக்கினு இருக்க?”

“கணக்கு எடுக்கிறோம் அக்கா.”

“தண்ணி ஏறி எறங்கணும். நின்னுபோச்சின்னா எறாவும் இருக்காது, மரமும் இருக்காது.”

அவர் தடவிக்கொண்டிருந்தது மரத்துக்காக வெட்டிய வாய்க்காலை. உதிர்ந்த இலை அழுகும் அந்தச் சேற்றில்தான் எறாக்குஞ்சு வளர்கிறது. எறாவை நான் என் குறிப்பேட்டின் எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு காட்டுக்குள் மட்டும் பார்ப்பது போதவில்லை. மழைக்காலத்தில் கொள்ளிடமும் வெள்ளாறும் கொண்டுவரும் நல்ல தண்ணீர்தான் இங்கே உப்பைத் தணிக்கிறது. கொள்ளிடத் தண்ணீர் அந்த ஆற்றின் குறுக்கே உள்ள கீழணையைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரி நிரம்புகிறது. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. சென்னையில் அக்கா வீட்டுக் குழாயில் நான் குளித்த தண்ணீரும், இந்தச் சுரபுன்னை குடிக்கிற தண்ணீரும் ஒரே ஆற்றிலிருந்து பிரிந்தவை. யாருக்கு எவ்வளவு என்று சொல்லும் அறிவு எனக்கில்லை. பங்கு கேட்கும் வரிசையில் காடும் நிற்கிறது என்பதை மட்டும் சொல்வேன்.

கடைசி வாரம், தூர்ந்துபோயிருந்த ஒரு கிளை வாய்க்காலை நாலைந்து பேராகச் சேர்ந்து வாரினோம். மாலை தண்ணீர் ஏறியபோது முதலில் நுரை வந்தது, பிறகு இரண்டு வெண்கண்டல் விதைகள் மிதந்து உள்ளே போயின. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் இறங்கும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.