ஒரு மைனஸுக்குப் போன மூன்று ராத்திரி

கணக்குப் போடும் சின்ன நிரல் ஒன்றை பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1961-இல் எழுதிய முறையை ஒட்டியது: எண்களுக்கு ஒரு ஸ்டாக் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் குவியல்), ஆபரேட்டர்களுக்கு (+, -, பெருக்கலுக்கு * போன்ற குறிகள்) ஒரு ஸ்டாக். சோதனைக்கு அப்பாவின் மாங்காய் நோட்டு. 1240 - 40 * 2, அதாவது மொத்த எடையில் நாற்பது கிரேட்டின் (காய்ப் பெட்டி) எடையைக் கழிப்பது, சரியாக 1160 வந்தது.

அடுத்த வரியில் நின்றுவிட்டது. கிருஷ்ணகிரி மண்டியில் வாங்கிய முன்பணத்தை அப்பா முதலிலேயே கழித்தல் போட்டு எழுதுவார்: -5000 + 1160 * 18. என் நிரலுக்குக் கழித்தல் என்றாலே இரண்டு எண் வேண்டும், அதனால் 5000-ஐ எடுத்துவிட்டு இன்னொன்றைத் தேடிப் போய், ஸ்டாக் காலி என்று பிழை காட்டியது.

முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துப் பார்த்தேன். 0 - 5000, சரி, வேலை செய்தது. ஆனால் 18 * -5 கொடுத்தால் அது 18 * 0 - 5 ஆகி, -90 வர வேண்டிய இடத்தில் -5 வந்தது. தப்பான விடை பிழையைவிட மோசம், பணக் கணக்கில் யாரும் கவனிக்காமலே போய்விடும்.

அப்புறம்தான் புரிந்தது, குறி ஒன்றாக இருந்தாலும் ஆபரேட்டர் இரண்டு. வரியின் தொடக்கத்திலோ, திறக்கும் அடைப்புக்குறிக்குப் பின்னாலோ, இன்னொரு ஆபரேட்டருக்குப் பின்னாலோ வரும் மைனஸுக்கு 'எதிர்' என்று தனிப்பெயர் வைத்து, அட்டவணையில் ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் எத்தனை எண் வேண்டும் என்று எழுதிவிட்டேன். கூட்டலுக்கு 2, எதிருக்கு 1. அத்தனையை மட்டும் ஸ்டாக்கிலிருந்து எடு, அவ்வளவுதான். 15880 வந்தது!

முன்னுரிமைக்குத்தான், அதாவது எந்த ஆபரேட்டரை முதலில் செய்வது என்பதற்குத்தான், மூன்றாவது ராத்திரி. -2 அடுக்கு 2 என்றால் பைத்தானில் -4, எக்செலில் 4, ஜாவாஸ்கிரிப்ட் அடைப்புக்குறி போடாமல் அதை ஏற்கவே ஏற்காது. நான் பைத்தான் பக்கம் போய், எதிருக்கு அடுக்கைவிடக் குறைந்த முன்னுரிமை கொடுத்தேன், உடனே 2 அடுக்கு -1 உடைந்தது. எதிர் ஸ்டாக்குக்குள் வரும்போதே, தன்னைவிட முன்னுரிமை கூடிய அடுக்கைக் கணக்கிடச் சொல்லி வெளியே தள்ளிவிடுகிறது, அடுக்குக்கு வேண்டிய இரண்டாவது எண்ணோ இன்னும் வரவில்லை. எதிரைப் போல ஒரே எண்ணுக்கு முன்னால் நிற்கும் ஆபரேட்டர் எதையும் வெளியே தள்ளக்கூடாது என்று ஒரு வரி சேர்த்ததும் 0.5 வந்தது.

லிஸ்ப் என்ற நிரல்மொழியில் (+ 31 29 30) என்று கூட்டலுக்கு எத்தனை எண் வேண்டுமானாலும் கொடுக்கலாம், எங்கே முடிகிறது என்று அடைப்புக்குறியே சொல்லிவிடும். கிரேட் எடைகளை வரிசையாகக் கூட்ட எனக்கும் அது வேண்டும். அதற்கு அட்டவணையில் ஒரே எண்ணை எழுதி வைக்க முடியாது, எண்களுக்கு நடுவே நான் போடும் கமாக்களை எண்ணிக்கொண்டே போக வேண்டும். இன்று ராத்திரி அதில்தான் கை வைக்கிறேன்.