வயல் தவளையும் சோலைத் தவளையும்

பொள்ளாச்சிப் பக்கம் புதுமழை விழுந்ததும் வயலோரத்துல மஞ்சளா மாறி, தொண்டையில நீலப் பை ரெண்டும் உப்பக் கத்துதே பெரிய தவளை, அது நம்ம மண்ணோடதுதானுங்க. அந்தமானுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மனுசன்தான். மீன்குஞ்சோட கலந்து போய்ப் பரவிருச்சு. அதோட தலைப்பிரட்டை மத்தத் தவளைகளோட தலைப்பிரட்டையையே தின்னுரும். தீவுல இருக்கிற சின்னத் தவளைக என்ன பண்ணும், பாவம்!

நம்ம வால்பாறை ஆண்டிப்பாறைச் சோலையில இருந்து 2000-ல அறிவியலுக்கு அறிமுகமான பச்சைப் பறக்கும் தவளை வேற ரகம். விரலிடைச் சவ்வு ஆரஞ்சுச் சிவப்பு. தண்ணிக்கு மேல தொங்குற இலையில நுரைக்கூடு கட்டும். பொரிஞ்ச தலைப்பிரட்டை கீழ தண்ணியில சொட்டுச் சொட்டா விழுகும். அந்தத் தண்ணியில வெளியூர் மீன் இருந்தா ஒண்ணும் மிஞ்சாது. வீட்டுத்தொட்டி மீனைச் சோலை ஓடையில விட்டுறாதீங்க, கையெடுத்துக் கேட்டுக்கறேனுங்க.