அமைச்சர் வாசிக்கிற விடை எங்கட மேசையில இருந்துதான் போகுது

சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில எழும்பி ஒரு எம்பீட கேள்விக்கு விடை வாசிக்கிற வீடியோவ கனபேர் பாத்திருப்பியள். மாவட்டத்தில இத்தின ஆஸ்பத்திரி, இத்தின டொக்டர், இத்தின வெற்றிடம் எண்டு வாசிச்சுப்போட்டு, மிச்சத்த எழுத்தில சபாபீடத்தில (சபையின்ர மேசையில) சமர்ப்பிக்கிறன் எண்டு சொல்லிட்டு இருந்திடுவார். கீழ கொமெண்ட்ல சனம் பொய் சொல்லுறார், ஏமாத்துறார் எண்டு எழுதும். நான் வன்னியில ஒரு சுகாதார பணிமனையில திட்டமிடல் பகுதியில அபிவிருத்தி உத்தியோகத்தரா வேலை செய்யிறன், அந்த எண்கள் எங்க இருந்து கிளம்பி எந்தெந்தக் கையால போகுதெண்டு கிட்ட நிண்டு பாக்கிற ஆள். அங்க வாசிக்கிறது பெரும்பாலும் பொய்யில்ல. கேட்டதுக்குச் சரியான விடைதான். பிரச்சினை கேட்ட விதத்தில இருக்கு, அதப்பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்ல எண்டபடியாத்தான் இத எழுதுறன்.

முதல் இது எப்பிடி நடக்குதெண்டு சொல்லுறன். ஒரு எம்பி வாய்மூல விடைக்கான வினா எண்டு எழுத்தில குடுக்கோணும், அது பாராளுமன்ற ஒழுங்குப் புத்தகத்தில ஏறும், பிறகு கேள்வி சுகாதார அமைச்சுக்குப் போகும், அங்க இருந்து மாகாணத்துக்கு, மாகாணத்தில இருந்து பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு, அவரிட்ட இருந்து எங்கட மேசைக்கு, எங்களிட்ட இருந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்கும். மேல ஒவ்வொரு இடத்திலயும் கொஞ்சம் கொஞ்சமா கிடந்து வாறதால எங்களிட்ட வந்து சேரேக்க "இன்று பி.ப. 2 மணிக்கு முன்" எண்டு பேனையால எழுதித்தான் வரும். சிலது சிங்களத்தில வரும், பக்கத்து மேசை அக்கா வாசிச்சுச் சொல்லுவா. பாராளுமன்ற வினா எண்டு சொன்னாப் போதும், எல்லாரும் மற்ற பைல மூடி வைச்சிட்டு இதில இறங்குவினம். அதில ஒரு மரியாதை இருக்கு, எனக்கு இண்டைக்கும் அது பிடிக்கும். எங்கயோ தியவன்னா ஓயாவுக்குப் பக்கத்தில 225 பேர் இருக்கிற சபையில, வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு அதில 6 இடம்தான், அங்க ஒருத்தர் கேட்ட கேள்விக்காக இஞ்ச ஒரு காட்டோர ஆஸ்பத்திரியில நேர்ஸ் ஒராள் ரெஜிஸ்டர விரிச்சு வைச்சுக்கொண்டு போனில நிக்கிறா.

இடையில ஒண்டு. வன்னி எண்டா எங்களுக்கு கிளிநொச்சியும் சேத்துத்தான், ஆனா தேர்தல் கணக்கில கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோட, வன்னித் தேர்தல் மாவட்டம் எண்டா மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூண்டும். சுகாதார நிர்வாகமோ நிர்வாக மாவட்டப்படி தனித்தனி. அதால "வன்னி மாவட்டத்தில்" எண்டு கேள்வி வந்தா முதல் ஒரு மணித்தியாலம் எது எதச் சேக்கிறது எண்டு கேட்டுத் தெளியவே போயிடும்.

இனி அந்த விடை தயாராகிற இடத்துக்கு வாறன். கூட வாற கேள்வி இப்பிடித்தான் இருக்கும்: மாவட்டத்தில் உள்ள வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, தற்போது கடமையில் உள்ளோர் எவ்வளவு என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா, இன்றேல் ஏன். நாங்கள் எக்செல்ல ஒரு டேபிள் அடிச்சு எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்புவம். ஒருக்கா ஒரு பிரதேச வைத்தியசாலையில இருந்து, பேர் வேண்டாம், பொறுப்பு நேர்ஸ் மிஸ் கோல் எடுத்தவா.

"தம்பி, டொக்டர் எண்ட இடத்தில ஒண்டு எண்டு போடவோ சைபர் எண்டு போடவோ?"

"ஏன் மிஸ், டொக்டர் இருக்கிறார்தானே?"

"இருக்கிறார். கிழமையில மூண்டு நாள் இஞ்ச, மற்ற நாள் அங்கால ஆஸ்பத்திரி. இரவில இல்ல. குவாட்டர்ஸ் கூரை ஒழுகுது, அவர் எங்க படுக்கிறது?"

"பேர் எந்த ஆஸ்பத்திரியில?"

"பேர் இஞ்சதான்."

"அப்ப ஒண்டு எண்டு போடுங்கோ மிஸ், நான் கீழ ஒரு குறிப்பு போடுறன்."

அவா கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல, பிறகு "குறிப்ப மேல ஆரும் வாசிப்பினமோ தம்பி" எண்டு கேட்டவா. நான் குறிப்பு போட்டுத்தான் அனுப்பினனான், பதில் கடமை (ஒராளே ரெண்டு இடத்தப் பாக்கிறது), கிழமையில மூண்டு நாள் மட்டும் எண்டு தெளிவா. ஆனா மாகாணத்தில எல்லா மாவட்டத்த டேபிளும் ஒண்டாகும், அமைச்சில எல்லா மாகாணமும் ஒண்டாகும், ஒவ்வொரு தரமும் அடிக்குறிப்பு கழண்டு எண் மட்டும் மேல போகும். கடைசியில எங்கட மாவட்டத்துக்கு ஒரு வரி. அனுமதிக்கப்பட்டது இவ்வளவு, கடமையில இவ்வளவு. அந்த ஒரு வரியில அந்த மிஸ் இரவில தனிய நிண்டு பாத்த வருத்தக்காரர் ஒருத்தரும் இல்ல. அமைச்சர் வாசிச்சது உண்மை, நாங்கள் அனுப்பினது உண்மை, ஆனா கேள்வி கேட்ட எம்பிக்கு அவர் அறிய வேண்டினது போய்ச் சேரேல்ல.

இன்னொண்டு சனத்தொகைக் கணக்கு. டொக்டர், நேர்ஸ், கர்ப்பிணித்தாய்மார வீட்ட போய்ப் பாக்கிற குடும்பநல உத்தியோகத்தர் எல்லாத்தையும் இத்தின ஆயிரம் சனத்துக்கு இத்தின பேர் எண்டுதான் பாக்கிறது, கேள்வியும் அப்பிடித்தான் வரும், விடையும் அப்பிடித்தான் போகும். 2012 குடிசன மதிப்பீட்டில முல்லைத்தீவில கிட்டத்தட்ட 92 ஆயிரம் சனம், யாழ்ப்பாணத்தில 5 லட்சத்து 83 ஆயிரம் அளவில. ஆனா நிலத்தப் பாத்தா யாழ்ப்பாணம் ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவுதான், முல்லைத்தீவு 2,600. சனத்தால பிரிச்சா எங்கட மாவட்டம் பேப்பரில ஓரளவு வடிவாத்தான் தெரியும், சில நேரம் மற்ற இடங்களவிட நல்லாவும் தெரியும், ஆனா கொக்கிளாய்ப் பக்கத்தில ஒரு பிள்ளைத்தாச்சிக்கு இரவு பத்து மணிக்கு நோ வந்தா மாஞ்சோலை பெரியாஸ்பத்திரிக்கு வரோணும், துணுக்காய்ப் பக்கத்து ஆளெண்டா மல்லாவிக்கு வந்து அங்க ஏலாட்டி கிளிநொச்சிக்கோ மாங்குளத்துக்கோ போகோணும், றோட்டில யானை நிக்கும், ஆட்டோக்காரர் வரமாட்டன் எண்டுவினம். ஒரு குடும்பநல மிஸ் பாக்கிற சனம் கணக்குப்படி குறைவா இருக்கலாம், ஆனா அவா ஸ்கூட்டியில ஓடுற தூரம் யாழ்ப்பாண ரவுணுக்குள்ள வேலை செய்யிற மிஸ்ஸ விட எத்தினையோ மடங்கு. 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா வாற அம்புலன்ஸ் 2018ல வடக்குக்கு வந்தது உண்மையிலேயே பெரிய உதவி, அதால தப்பின ஆக்கள எனக்குத் தெரியும், ஆனா அது வந்து சேர எவ்வளவு நேரம் எண்டு மாகாணத்துக்கு ஒரு சராசரியாக் கேட்டா விடையும் சராசரியாத்தான் வரும், பிரதான றோட்டில இருக்கிற ஆளும் உள்ளுக்குள்ள குளக்கரையில இருக்கிற ஆளும் ஒரே எண்ணுக்குள்ள போயிடுவினம்.

இடம் இடமாப் பாத்து வேலை செய்யிறது எங்கட ஆக்களுக்குத் தெரியாத விசயமில்ல. மலேரியாவ எப்பிடி இல்லாமப் பண்ணினவை? வன்னியில மலேரியா வராத வீடில்ல எண்டு சொன்ன காலம் ஒண்டு இருந்தது. ஒவ்வொரு காய்ச்சலையும் தேடிப் போய் ரத்தம் எடுத்து, எந்த ஊர், எந்த வீடு, எங்க போய் வந்த ஆள் எண்டு பதிஞ்சு பதிஞ்சுதான் 2016ல உலக சுகாதார நிறுவனம் இலங்கைய மலேரியா இல்லாத நாடெண்டு அறிவிச்சது. அந்த விதமாக் கேள்வி கேட்டா அந்த விதமா விடை குடுக்க எங்களால ஏலும்.

அப்பிடி ஒரு கேள்வி ஒருக்கா வந்தது. எந்தக் கட்சி எண்டு சொல்லேல்ல, அது முக்கியமும் இல்ல. ஒரேயொரு ஆஸ்பத்திரியின்ர பேரப் போட்டு, கடந்த ஒரு வருசத்தில எத்தின நாள் இரவில வைத்தியர் இல்ல, அந்த இரவுகள்ல எத்தின நோயாளர வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினவை, அம்புலன்ஸ் எத்தின நாள் கராச்சில நிண்டது எண்டு கேட்டிருந்தது. இதுக்கு ஆளணி டேபிள் உதவாது. அட்மிஷன் புக், ட்ரான்ஸ்பர் புக், அம்புலன்ஸ் ஓடினத எழுதுற ரன்னிங் சாட் மூண்டையும் எடுத்து தேதி தேதியா ஒண்டோட ஒண்டு பொருத்தோணும். நானும் இன்னொரு தங்கச்சியும் அந்த ஆஸ்பத்திரிக்கே போய் இருந்து செய்தம். ரன்னிங் சாட்டில ட்ரைவர் ஐயா பென்சிலால எழுதின சின்ன சின்ன எழுத்து, "டயர் இல்லை", "பற்றரி டவுன்", "கராச்". அத ட்ரான்ஸ்பர் புக்கோட பொருத்தினா, அம்புலன்ஸ் நிண்ட நாள்ல போன ஆக்களுக்கு நேரே "சொந்த வாகனம்" எண்டு எழுதியிருக்கு. சொந்த வாகனம் எண்டா அங்க அனேகமா ட்ராக்டரோ மோட்டர்சைக்கிளோதான். பொருத்தி முடியப் பாத்தா கூடுதலா வெள்ளி இரவில இருந்து ஞாயிறு வரைக்கும்தான் டொக்டர் இல்லாத இரவுகள் அடுக்கா இருந்தது. அத பணிப்பாளருக்குக் காட்டின உடன அவர் பக்கத்து ஆஸ்பத்திரிகளையும் சேத்து சனி ஞாயிறுக்கு ஒரு ரோஸ்டர் போட்டவர், அமைச்சர் பாராளுமன்றத்தில விடை வாசிக்கிறதுக்கு முதலே அந்த ரோஸ்டர் ஓடத் தொடங்கிட்டுது. விடை வாசிச்சு முடிய அதே எம்பி எழும்பி குவாட்டர்ஸ் எப்ப திருத்துவியள் எண்டு இடையீட்டு வினா கேட்டவர், அதுக்கு அமைச்சர் சொன்ன விடை ஹன்சாட்டில, அதாவது பாராளுமன்றப் பேச்சுப் பதிவில, இருக்கு. பிறகு நாங்கள் அந்தக் குவாட்டர்ஸ் பற்றி எழுதின ஒவ்வொரு கடிதத்திலயும் அந்த ஹன்சாட் பக்கத்த இணைச்சு அனுப்பினம். கூரை திருத்த காசு வந்தது.

மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டத்திலயும் எம்பிமார் கேக்கினம்தானே எண்டு நீங்கள் கேக்கலாம். கேக்கினம், நல்லாச் சத்தம் போட்டும் கேக்கினம், அடுத்த நாள் பேப்பரில படமும் வரும். ஆனா அங்க பதில் சொல்லுறது பணிப்பாளர், அவருக்கு டொக்டர நியமிக்கிற அதிகாரம் இல்ல. 1987ல பதின்மூண்டாம் திருத்தத்தோட ஆஸ்பத்திரிகள்ல பெரும்பாலானது மாகாண சபைக்குக் கீழ வந்தது, யாழ் போதனா வைத்தியசாலை மாதிரி பெரியது மத்திய அரசுக்குக் கீழ. கட்டிடம், சாரதி, சிற்றூழியர் எல்லாம் மாகாணம், ஆனா டொக்டரும் நேர்ஸும் மத்திய அமைச்சின்ர நாடளாவிய சேவை. இதால ஒரு கேள்வி கொழும்புக்குப் போனா இது மாகாண சபைக்குரிய விடயம் எண்டு திரும்பி வரக்கூடிய வழியும் இருக்கு, மாகாணத்திட்டக் கேட்டா டொக்டர அமைச்சுத்தான் தரோணும் எண்டு சொல்லக்கூடிய வழியும் இருக்கு. 2013 செப்டெம்பரில தேர்தல் நடந்து கைதடியில வடக்கு மாகாண சபை இருந்த காலத்தில, அதில என்ன குறை இருந்தாலும், முல்லைத்தீவில இருந்து போன உறுப்பினர் ஒராள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின்ர தண்ணித் தாங்கியப் பற்றியும் மாகாண சுகாதார அமைச்சரிட்ட நேர கேக்கலாம், ரெண்டு பேருக்கும் அந்த ஆஸ்பத்திரி தெரியும். 2018 ஒக்டோபரில அந்தச் சபையின்ர காலம் முடிஞ்சது. அதுக்குப் பிறகு அந்தக் கேள்வியள் போறதுக்கு இருந்த இடம் இல்லாமப் போட்டுது, தண்ணித் தாங்கியும் தியவன்னாவுக்குத்தான் போகோணும், அங்க நாடு முழுக்க இருந்து வாற கேள்வியோட வரிசையில நிக்கோணும். இது எனக்கு உண்மையிலேயே வயித்தெரிச்சலான விசயம்.

மருந்தும் அப்பிடித்தான். 2022ல டொலர் இல்லாம மருந்து முடிஞ்ச நேரம் பாராளுமன்றத்தில கேட்டதெல்லாம் நாட்டில எத்தின மருந்து கையிருப்பில இல்ல எண்டு. 2023 செப்டெம்பரில அப்ப இருந்த சுகாதார அமைச்சருக்கு எதிரா நம்பிக்கையில்லாப் பிரேரணையும் வந்து தோத்தது, அதையெல்லாம் எல்லாரும் பாத்தவை. எங்களுக்கு வேணுமாயிருந்த கேள்வி வேற: கொழும்பில மருத்துவ வழங்கல் பிரிவில இருக்கிற மருந்து வன்னியில இருக்கிற பிராந்திய களஞ்சியத்துக்கு எத்தின நாள்ல வருது, அங்க இருந்து கடைசி ஆஸ்பத்திரிக்கு எத்தின நாள். வவுனியாப் பக்கத்தில சிறுநீரக வருத்தக்காரர் கனபேர், அவைக்கு அந்த நாள்க்கணக்குத்தான் முக்கியம்.

அதால எம்பிமாரிட்ட மனுக் கொண்டு போற ஆக்களிட்டயும், எம்பிமாரின்ர செயலாளர்மாரிட்டயும் நான் கேக்கிறது, எங்கட பகுதியில வைத்திய வசதி இல்லை எண்டு பொதுவா எழுதாதேங்கோ. ஆஸ்பத்திரியின்ர பேரப் போடுங்கோ, எந்த மாசத்தில இருந்து எந்த மாசம் எண்டு போடுங்கோ, பகலா இரவா எண்டு போடுங்கோ, ரெஜிஸ்டரில இருக்கிற விசயமாக் கேளுங்கோ. அமைச்சர் ரெண்டு கிழமை அவகாசம் கேட்டா, வினாவ மற்றொரு தினத்தில சமர்ப்பிக்கக் கட்டளை எண்டு போட்டு விட்டா, அத அப்பிடியே விடாதேங்கோ, திருப்பி எடுங்கோ, ஏனெண்டா அப்பிடி நிண்டுபோன கேள்வியளுக்கும் நாங்கள் இஞ்ச இரவிரவா டேபிள் அடிச்சு அனுப்பியிருக்கிறம். முக்கியமா வருடாந்த இடமாற்றப் பட்டியல் வாறதுக்கு முதல் கேளுங்கோ, பட்டியல் வந்து டொக்டர் வெளிக்கிட்ட பிறகு கேட்டா அடுத்த வருசம் வரைக்கும் வெற்றிடம் எண்ட ஒரு சொல்லுத்தான் விடையா வரும்.

குடும்பநல உத்தியோகத்தர் பிரிவுகள்ல எது எது இப்ப பதில் கடமையில ஓடுது, எத்தின மாசமா, அந்த மிஸ்ஸின்ர சொந்தப் பிரிவில இருந்து அது எத்தின கிலோமீற்றர், அந்தக் காலத்தில அங்க எத்தின கர்ப்பிணித்தாய்மார வீட்ட போய்ப் பாக்க முடியாமப் போனது. இத நான் வேலைக்கு வந்த நாளில இருந்து ஒருத்தரும் கேட்டு வரேல்ல. எம்ஓஎச் ஒபிசில இருந்து மாதாமாதம் வாற ரிட்டர்ன் எண்ட அறிக்கையில இதுக்கு வேண்டின எல்லாம் இருக்கு, கேட்டா அண்டைக்கே பி.ப. 2 மணிக்கு முன் அனுப்பலாம்.