ரூல் இருந்தது, கவுண்டர் ஓடவில்லை

மாமாவின் ஆடிட் ஆபீசில் இருப்பது மைக்ரோடிக் ஹெக்ஸ், ஐந்து போர்ட் உள்ள சின்ன ரவுட்டர். வைத்துக் கொடுத்தவன் நான், அதனால் அங்கே நெட் திணறினால் போன் வருவதும் எனக்குத்தான். "மாப்ளே, ஒரு மெயில் போக அஞ்சு நிமிஷம் ஆகுது, வந்து பாரு" என்றார் போன வாரம்.

போய் ரவுட்டரை நிர்வகிக்கும் வின்பாக்ஸ் மென்பொருளைத் திறந்தால் லாக் முழுக்கச் சிவப்பு வரிகள். யார் யாரோ எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியாக ரூட், அட்மின் என்று பெயர் போட்டு உள்ளே வரப் பார்த்திருக்கிறார்கள். எந்த ஐபியிலிருந்து என்ன வருகிறது என்று காட்டும் டார்ச்சை ஓட்டினேன். யூடிபி 53, யூடிபி 53 என்று தெரியாத ஐபிகள் வரிசையாக இறங்குகின்றன. விஷயம் புரிந்துவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்காக ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரைக் கேட்டால் ஐபி முகவரி சொல்லும் சேவையை (53 அதன் வாசல் எண்), திறந்து வைத்திருந்தேன், அது ஊருக்கே திறந்து கிடந்திருக்கிறது. யாரோ அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டுச் சின்னக் கேள்வி அனுப்ப, நம் ரவுட்டர் பெரிய பதிலைச் சம்பந்தமே இல்லாத ஒருவன் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அப்லோட் அதிலேயே தீர்ந்துவிட்டால் மெயில் எப்படிப் போகும்?

ஆனால் நான்தான் ஃபயர்வாலில் ரூல் போட்டிருந்தேனே! இன்புட் செயினின், அதாவது ரவுட்டருக்கே வரும் பாக்கெட்களுக்கான ரூல்களின், கடைசி வரியில், வெளி லைன் செருகியிருக்கும் ஈதர்1 வழியாக வருவதெல்லாம் டிராப் (தூக்கிப்போடு). பக்கத்தில் கவுண்டரைப் பார்த்தேன். 0. மூன்று வாரமாக ஒரு பாக்கெட்கூட அதில் மாட்டவில்லை.

அந்த லைன் பிபிபிஓஇ, அதாவது ஐபி பாக்கெட்டை இன்னொரு உறையில் கட்டி அனுப்பும் வகை. ஈதர்1இல் இறங்குவது கட்டிய மூட்டை மட்டும்தான், அதைப் பிரித்து ஐபி பாக்கெட்டாக வெளியே எடுப்பது பிபிபிஓஇ-அவுட்1 என்ற இன்னொரு இன்டர்ஃபேஸ் (பாக்கெட் நுழையும் வாசல்). ஃபயர்வால் பார்ப்பது அதைத்தான். கம்பெனி கொடுத்த டீஃபால்ட் கான்ஃபிக்கை அப்படியே விட்டிருந்தால் 'லேன் (உள் நெட்வொர்க்) பட்டியலில் இல்லாத எங்கிருந்து வந்தாலும் டிராப்' என்ற ரூல் அதிலேயே இருந்திருக்கும். எல்லாவற்றையும் நாமே எழுதலாம் என்ற திமிரில் முதல் நாளே அழித்தவன் நான்.

சரி, அதே மாதிரி மாற்றுவோம் என்று லேன் என ஒரு இன்டர்ஃபேஸ் லிஸ்ட் உருவாக்கி, டிராப் ரூலில் 'லேன் அல்லாதவை' என்று போட்டு அப்ளை கொடுத்தேன். சிவப்பு வரிகள் நின்றன. கவுண்டர் ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடியது. வின்பாக்ஸும் உயிரோடு இருந்தது. அப்போது பக்கத்து மேஜையிலிருந்து, "சார், நெட் சுத்தமா போயிடுச்சு."

லிஸ்ட்டை உருவாக்கினேனே தவிர, அதில் ஆபீஸ் போர்ட்களை ஒன்றாக இணைக்கும் பிரிட்ஜைச் சேர்க்கவில்லை. காலி லிஸ்ட் என்றால் உலகத்தில் எல்லாருமே லேன் அல்லாதவர்தான். புதிதாக வந்த ஒவ்வொரு டிஎன்எஸ் கேள்வியும் விழுந்துகொண்டிருக்க, என் ஜன்னல் மட்டும் பிழைத்ததற்குக் காரணம் முதல் வரி: ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் இணைப்பை அக்செப்ட் செய் என்பது. இது உறைப்பதற்குள் பதற்றத்தில் வின்பாக்ஸை மூடித் தொலைத்தேன். திரும்பத் திறந்தால் ஐபி வழியாக உள்ளே விடவில்லை. நல்லவேளை, நெய்பர்ஸ் பட்டியலில் ரவுட்டரின் மேக் முகவரியை (வன்பொருளின் சொந்த முகவரி) சொடுக்கினால் ஐபி ஃபயர்வாலைத் தொடாமலே போகலாம். போய்ப் பிரிட்ஜைச் சேர்த்தேன், மூச்சு வந்தது. சேஃப் மோட் பட்டன் மேலேயே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு வேலை பார்த்தால், இணைப்பு அறுந்ததும் செய்த மாற்றமெல்லாம் தானாகத் திரும்பிவிடும். அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது இன்புட்டில் இருப்பது நாலே வரி. நடப்பு இணைப்புகள் அக்செப்ட், இன்வேலிட் டிராப், ஐசிஎம்பி (பிழைச் செய்தி, பிங் வகையறா) அக்செப்ட், லேன் அல்லாதது டிராப். ஐசிஎம்பியைப் பாதுகாப்பு என்ற பெயரில் எல்லா இடத்திலும் மொத்தமாக அடைப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. பிபிபிஓஇ 8 பைட்டைத் தின்றுவிடுவதால் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1492தான், பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவதே அந்த ஐசிஎம்பிதான், அதையும் அடைத்துவிட்டால் சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கும், காரணம் தேடி நாள் கணக்கில் அலையலாம்.

வின்பாக்ஸின் வாசல் எண்ணான 8291 போர்ட்டும் இத்தனை நாள் வெளியே திறந்துதான் கிடந்திருக்கிறது. 2018இல் பாஸ்வேர்டே இல்லாமல் யூசர் விவரங்களை உருவ முடிந்த ஓட்டை வெளிவந்தது இதே வின்பாக்ஸில்தான். அது எப்போதோ அடைபட்டுவிட்டது, ஆனாலும் வயிற்றைக் கலக்கியது. ராத்திரி வீட்டுக்கு வந்து, சாப்பிடக்கூட உட்காராமல் எங்கள் வீட்டு ரவுட்டரைத் திறந்தேன். அதே கான்ஃபிக்கைத்தான் இங்கேயும் ஏற்றியிருந்தேன்.

இன்புட், கடைசி வரி, ஈதர்1, டிராப். கவுண்டர் 0.