பலா முறிந்த சத்தம்

பிப்ரவரி 9
முள்ளோடை தாண்டியதும் பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். சீட் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் அம்மா கண் திறக்கவில்லை.

பிப்ரவரி 10
புயல் ராத்திரியைப் பற்றி நான் எழுதிய கவிதையை வாட்ஸப்பில் அனுப்பியதற்கு அக்காவின் பதில்: “அன்னைக்கு நீ வீட்லயே இல்லடி. சென்னை ஹாஸ்டல்ல இருந்த.”

தானே புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30 விடியற்காலை. காலேஜ் லீவு விட்டிருப்பார்களா, மாட்டார்களா? பலா முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் என்னை இழுத்து உட்காரவைத்த கையில் மண்ணெண்ணெய் வாடை. அப்புறம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இதெல்லாம் எனக்கு யாரோ சொன்னதா? வாடையை யாராவது சொல்ல முடியுமா?

பிப்ரவரி 11
டியூப் இன்னும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 13
உள்ளே விட நாலு மணி ஆகும் என்றார்கள். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வீட்டு வாசல்வரை நடந்தேன். பத்து வருஷம் இந்தப் பாண்டிச்சேரியில் இருந்துவிட்டு 1918 நவம்பரில் எல்லை தாண்டினார், பிடித்துக் கடலூர் சிறையில் போட்டார்கள். நான் சாயங்காலமானால் டிக்கெட் எடுத்துக்கொண்டு அதே கடலூருக்குப் போகிறேன்.

இப்போது வருகிற நினைவுக் கவிதைகளில் எல்லார் வீட்டிலும் ஒரு திண்ணை, ஒரு கிணறு, செத்துப்போன ஒரு பாட்டி. எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் படித்துப் படித்து எங்கள் வீட்டிலும் திண்ணை இருந்த மாதிரியே தோன்றுகிறது. இருந்ததெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அந்தப் பலாவும்தான். அப்படியென்றால் பலாச் சத்தம்கூட எங்காவது படித்ததோ? கூடாது. அது என்னுடையது.

ஹாஸ்டல் பீஸ் ரசீதுகள் பீரோவில் இருக்கும். தேதி பார்த்தால் தெரிந்துவிடும். பீரோ சாவி அம்மாவின் பர்ஸில், பர்ஸ் என் பையில்.

பிப்ரவரி 14
சாவியை எடுக்கவில்லை.

பிப்ரவரி 15
டியூப் எடுத்துவிட்டார்கள்! குரல் கரகரவென்று வருகிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “பெரியவளே, சாப்டியா?” என்றாள். மயக்க மருந்து இறங்க ரெண்டு நாளாகும், ஆள் குழம்பும் என்று நர்ஸ் சொன்னார். சரி. சாப்பிட்டேம்மா என்றேன்.

அப்போதே கேட்டிருக்கலாம். பெரியவளுக்குச் சொல்கிற பதிலாகவே வந்திருக்கும்.

பிப்ரவரி 16
அக்கா நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாள். அதற்குள் கேட்டுவிட வேண்டும்.